மெய் கூறும் மெய்

ஐம்பொறிகளை எண்ணப்புகுந்த நம் முன்னோர் மெய், வாய், கண், மூக்கு, செவி என்று தோலையே முதற்கண் வைத்து எண்ணினர். உடம்பு முழுவதற்கும் மெய் என்பதே பெயர். உண்மைக்கும் அதுவே பெயர். ஒரு சொல் இம்மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்றற்குக் காரணம் யாதென ஆராய்தல் புலவர்தம் கடன். இக்கல்லூரியில் இரசாயனம் பயிற்றும் யாம் அத்துறையிற் புகக் கருதிற்றிலேம். ஆயினும், உடம்பின் உள்ளே மறைந்து நிகழும் கேட்டினை வெளியிட்டுரைப்பது பலகாலும் தோலே என்பதையும், அது கூறும் செய்தியைக் கேளாதொழிதலால் விளையும் தீங்கு பெரிது என்பதையும் எம் இல்லத்திலேயே கண்டறிந்தோம். இவ்வாண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக என்று தமிழ்த்துறை நண்பர் எம்மைப் பணித்தபோது, எழுதத் தகுவது இதுவே எனத் துணிந்தோம். நீரிழிவாற் சிறுநீரகம் கெட்டவர்தம் இரத்தக்குழாய்களிற் சுண்ணம் படிதலும், அவர்தம் தோலில் நேரும் துன்பங்களுமே ஈண்டு யாம் கூறப்புகும் பொருள்.

சர்க்கரை வியாதி என்று வீடுதோறும் வழங்கும் நீரிழிவு இக்காலத்தில் அரிய நோயன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையர் எனக் காட்டிற்று. இம்மலரை வாசிக்கும் அன்பருள், இந்நோயுற்ற உறவினர் ஒருவரேனும் இல்லாதார் சிலராகவே இருப்பர். நோய் தோன்றியவுடன் சிறுநீரகம் கெட்டுவிடுவதில்லை. நமது சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்றும் வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடம்பிற்கே மீட்டுத் தருகின்றன. மிகுந்த சர்க்கரையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் அவ்வடிகட்டிகளைப் பத்து, இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாய்ச் சிதைக்கும். அக்காலமெல்லாம் நோயாளிக்கு வலியில்லை, வருத்தமில்லை. அவ்வலியின்மையே இந்நோயின் பெருவஞ்சனை என்க.

இந்நோயின் வரலாற்றை நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். கடுமையான நீரிழிவுற்ற சிறுவர் முற்காலத்தில் நெடுநாள் வாழ்ந்திலர். 1922-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதுமுதல் நோயாளிகள் நெடிது வாழலாயினர். நெடிது வாழ்ந்தமையால், அதுகாறும் தலைகாட்டாதிருந்த நாட்பட்ட கேடுகள் தோன்றலாயின. கிம்மெல்ஸ்டீல், வில்ஸன் என்னும் இருவர் நீரிழிவாற் கெட்ட சிறுநீரகத்தின் தனி அடையாளத்தை 1936-இல் எடுத்துரைத்தனர். 1943-இல் அயலார் படைக்குட்பட்டிருந்த ஹாலந்து நாட்டிலே கோல்ஃப் என்னும் மருத்துவர் செல்லோபேன் குழாயை ஓர் உருளையின்மேற் சுற்றி, இரத்தத்தைச் சுத்தி செய்யும் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். 1960-இல் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரத்து ஸ்க்ரிப்னர் என்பார், ஒரு நோயாளியை அப்பொறியோடு மீண்டும் மீண்டும் இணைத்தற்கு ஏற்ற குழாயை ஆக்கினார். நம் நாட்டிலும் 1971-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றியுற நிகழ்ந்தது. இவையெல்லாம் மக்களுக்கு ஆயுளை ஈந்தன. ஆயின், ஒரு கதவைத் திறந்தவுடனே அடுத்த அறையின் இருள் தோன்றுமாறுபோல, ஒவ்வொரு வெற்றியும் அதற்கப்பாலுள்ள நோயொன்றைக் காட்டிற்று. அவ்வாறு புலப்பட்டவற்றுள் ஒன்றே தமனிகளிற் சுண்ணம் படிதலாகிய கேடு.

சுண்ணம் எங்கிருந்து வருகின்றது? நம் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் என்னும் சுண்ணச் சத்து உண்டு. அதில் 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. எஞ்சிய ஒரு பங்கில் மிகச்சிறு பகுதியே இரத்தத்தில் ஓடுகின்றது; அதன் அளவு சிறிது குறையினும் மிகினும் உயிருக்கு இடுக்கண் நேரும். எலும்பிற் கால்சியத்தோடு கூடி நிற்கும் மற்றொரு பொருள் பாஸ்பேட். உணவின்வழி நாள்தோறும் உட்புகும் பாஸ்பேட்டில் மிகுந்ததை வெளியேற்றுதல் சிறுநீரகத்தின் பணி. வைட்டமின் டி என்னும் சத்தினைச் செயலுக்கு உரியதாக மாற்றுதலும் அதன் பணியே. சிறுநீரகம் கெட்டபோது பாஸ்பேட் இரத்தத்தில் தேங்கும். வைட்டமின் டி செயலற்றுக் கிடக்கும். அதனால் இரத்தத்திற் கால்சியம் குன்றும். கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்னே பயறளவாய் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் இக்குறையை உணர்ந்து, தம் சாற்றை மிகுதியாய்ச் சுரந்து, எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை இரத்தத்திற் சேர்க்கும். எலும்போடு கட்டுண்டிருந்த பாஸ்பேட்டும் உடன் வெளிப்படும். இங்ஙனம், இருக்க வேண்டிய இடத்தை விட்டு நீங்கிய சுண்ணம், இருத்தலாகாத இடத்தை நாடுகின்றது.

உவர்நீர்க் கிணற்று நீரைக் காய்ச்சும் தவலையின் அடியில் வெண்மையாய்ச் சுண்ணம் பற்றுவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். இரத்தக்குழாயிற் சுண்ணம் படிவதும் அவ்வாறே என்று முன்னர்ப் பலரும் எண்ணினர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. தவலை உயிரற்றது, குழாயோ உயிருள்ள அணுக்களால் ஆயது. பாஸ்பேட் மிகுந்த இரத்தத்தில் நெடுநாள் தோய்ந்த தமனியின் தசையணுக்கள், தம் இயல்பை இழந்து, எலும்பை ஆக்கும் அணுக்களின் தொழிலை மேற்கொள்கின்றன என்பது இன்று தெளியப்பட்டுள்ளது. குழாய் சுண்ணம் பற்றிக் கிடப்பது மட்டுமன்று. எலும்பாக முயல்கின்றது எனலே பொருந்தும். ஜெர்மன் நாட்டு மொங்கபர்க் என்பார் 1903-இல், தமனியின் உட்சுவரிலன்றி நடுச்சுவரிலே சுண்ணம் வளையம் வளையமாய்ப் படியும் நிலையை விளக்கினார். நீரிழிவு உடையவர்தம் கால்களிலும், சிறுநீரகம் கெட்டவர்தம் உடம்பெங்கும் மிகுதியாய்க் காணப்படுவது இதுவே.

எல்லாருடைய இரத்தத்திலும் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்க, எல்லாருடைய குழாய்களும் கல்லாகாமைக்குக் காரணம் யாது? காவலர் சிலர் உள்ளமையே காரணம். ஈரலில் ஆக்கப்படும் பெட்யூயின் என்னும் புரதம் ஒரு காவலன். குழாய்ச்சுவரிலேயே ஆக்கப்பட்டு, வைட்டமின் கே என்னும் சத்தின் துணையாற் செயற்படும் மற்றொரு புரதம் இன்னொரு காவலன். அப்புரதத்தை ஆக்க இயலாதவாறு பிறப்பிக்கப்பட்ட எலிகள், பிறந்து இரண்டு திங்களுக்குள் தமனிகள் சுண்ணமாகி வெடித்து மாண்டன என்று 1997-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். இரத்தம் உறையாதிருத்தற்பொருட்டுக் கொடுக்கப்படும் வார்ஃபரின் என்னும் மருந்து வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பது. ஆதலின் அஃது அக்காவலனையும் செயலறச் செய்யும். வேறிடத்தில் உயிர்காக்கும் மருந்தே ஈண்டுக் கேட்டிற்குத் துணையாதல் காண்க. இக்கேடு முதியோர்க்கே உரியதென்று எண்ணுதலும் பிழை. அமெரிக்க நாட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இளைஞரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட 16 பேருள் 14 பேரின் இருதயத் தமனிகளிற் சுண்ணம் படிந்திருந்ததாகக் கூறப்பட்டுள்ளது. நம் கல்லூரி மாணவரினும் சிறிதே மூத்தவர் அவர்.

இச்சுண்ணம் வைத்தியரையும் ஏமாற்ற வல்லது. காலில் இரத்தவோட்டம் செவ்வனே உள்ளதா என அறிதற்குக் கணுக்காலின் இரத்த அழுத்தத்தை அளந்து கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவர். காலின் அளவு குறைந்திருப்பின் குழாய் அடைபட்டதெனக் கொள்வர். ஆயின், சுண்ணமேறிய குழாயைப் பட்டையிட்டு எத்துணை இறுக்கினும் அது நசுங்குவதில்லை; அதனால் அளவு மிகுதியாகத் தோன்றும். கால் நலமாயுள்ளது என்று கருவி கூற, விரல் கருகத் தொடங்கியிருக்கும். அறிந்த வைத்தியர் அப்பொழுது கருவியை நம்பாது, கட்டைவிரலின் அழுத்தத்தை வேறாக அளப்பர். விரலின் நிறத்தையும் வெம்மையையும் தொட்டுப் பார்ப்பர். கருவி பொய்த்தவிடத்தும் தோல் பொய்யாது.

இனி, தோல் அனுப்பும் தூதுவர்களைப் பற்றிக் கூறுவோம். சிறுநீரகம் கெட்டவரது தோல் வறண்டு, செதில் செதிலாய் உரியும். நிறம் வெளிறியும் ஒரோவழிக் கருத்தும் தோன்றும். நகத்தின் அடிப்பாதி வெளுத்தும் நுனிப்பாதி செம்பழுப்பாயும் இருவேறு நகங்களை ஒட்டவைத்தாற்போலச் சிலருக்குக் காணப்படும். நீரிழிவால் முழந்தாளின் கீழ் முன்புறத்தே பழுப்பு வடுக்களும், காரணமின்றி எழும் நீர்க்கொப்புளங்களும் தோன்றலாம். நடுவிற் கடினமான முளையொன்று பொருந்திய சிறு முடிச்சுகள் கால்களில் நிரைநிரையாய் எழுதலும் உண்டு. கைர்லே என்னும் தோல் வைத்தியர் 1916-இல் நீரிழிவுற்ற ஒரு பெண்ணிடத்து இவ்வகை நோயை விவரித்தமையால் அவர் பெயராலும் அது வழங்கும்.

இவையெல்லாவற்றினும் மிகுதியாய் வருத்துவது நமைச்சல். டயாலிசிஸ் செய்துகொள்வோரிற் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வர் உறக்கத்தையும் அமைதியையும் குலைக்கும் அளவிற்கு நமைச்சலால் வருந்துகின்றனர். இது சொறிந்தால் தீரும் நமைச்சலன்று. நரம்புகளிலும் இரத்தத்திலும் நேர்ந்த மாறுபாட்டால் எழுவது. முதுகிலே மிகும், இரவிலே பெருகும். மரணத்திற்கு அஞ்சாது பொறியின் அருகே படுத்திருப்பவர், நமைச்சலுக்கு அஞ்சி இரவின் வரவை வெறுப்பர். இத்துன்பத்தைப் பலர் வைத்தியரிடம் சொல்வதேயில்லை. உயிரே ஊசலாடும்பொழுது அரிப்பையா முறையிடுவது என்று நாணுகின்றனர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்னும் பழமொழியில் நமைச்சலையும் சேர்த்துக்கொள்ளல் தகும். இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. தோலை எண்ணெய்ப்பசையோடு வைத்தல், சுத்திகரிப்பைக் குறைவறச் செய்தல், காபாபென்டின் என்னும் மருந்தைச் சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்பச் சிறிய அளவிற் கொடுத்தல் முதலியவற்றாற் பலர் நலம்பெறுகின்றனர். இந்நமைச்சலுக்கென்றே தனியாக ஆக்கப்பட்ட டிபெலிகெபாலின் என்னும் ஊசிமருந்துக்கு அமெரிக்க அரசு 2021-இல் இசைவளித்தது. சொல்லாத நோய்க்கு மருந்து யாரே தரவல்லார்?

தூதுவருள் கொடியது கால்சிபிலாக்ஸிஸ் என்பது. மொன்றியால் நகரத்து ஆராய்ச்சியாளராகிய ஹான்ஸ் செல்யே அப்பெயரைப் படைத்து, 1962-இல் அப்பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். எலிகளுக்கு வைட்டமின் டி போன்ற பொருள்களை முன்னர்க் கொடுத்துப் பின்னர்ச் சிறு காயம் உண்டாக்க, அவற்றின் தோல் சுண்ணமேறி ஓடுபோல் ஆயிற்று. மக்களிடத்துத் தோன்றும் நோய் அதனின் வேறென்று பின்னர்த் தெரியவந்ததாயினும் பெயர் நிலைத்துவிட்டது. மக்களிடத்து நிகழ்வது யாதெனில், தோலிலும் தோலின் அடியிலுள்ள கொழுப்பிலும் ஓடும் நுண்தமனிகள் சுண்ணமேறிக் குறுகும். குறுகிய குழாயில் இரத்தம் உறையும். அக்குழாயால் ஊட்டப்பட்ட தோல் பட்டினியால் மாளும். வயிறு, தொடை முதலிய கொழுப்பு மிக்க இடங்களில் இது பெரும்பாலும் எழும். முதலில் வலி; பின்னர் வலைபோன்ற ஊதாநிறக் கோடுகள்; தொட்டால் தோலின்கீழ்ப் பலகை போன்ற கடினம்; ஈற்றிற் கரிய பக்குடைய ஆறாப்புண். பெண்டிர், நீரிழிவுடையோர், உடல் பருத்தோர், வார்ஃபரின் உட்கொள்வோர் ஆகியோரிடத்து இது மிகுதி. நோய் அரிது, ஆயின் வந்தவருள் 100-க்கு 45 முதல் 80 பேர் வரை ஓராண்டுக்குள் இறக்கின்றனர் என்று 2018-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்புரை கூறுகின்றது. புண்ணின்வழிப் புகும் கிருமிகளே பெரும்பாலும் உயிரைக் கொள்வன. புண் ஆகுமுன் கண்டறியப்பட்டோர் பிழைத்தற்கு இடம் மிகுதி.

இந்நோயை யாம் அறிந்தது நூல்வழியன்று, எம் அத்தையார்வழி. அவர் எம் தந்தையாருக்குத் தமக்கையார். ஆரம்பப் பாடசாலையொன்றில் முப்பது ஆண்டு ஆசிரியையாயிருந்து, கணவரை இழந்தபின் எம்முடன் வாழ்ந்தவர். நீரிழிவு இருபத்திரண்டு ஆண்டாய் அவரைப் பற்றியிருந்தது. அறுபத்தொன்றாம் வயதிற் சிறுநீரகங்கள் ஓய்ந்தன. வாரம் இருமுறை டயாலிசிஸ் தொடங்கிற்று. செலவையும் பயணத்தையும் கருதி நம் நாட்டிற் பலர் இருமுறையோடு நிறுத்துகின்றனர். மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் என்பதே பொதுவான நியதி. முதலாண்டு முழுதும் அவரை வருத்தியது நமைச்சல். தோலுக்குள்ளே மணல் ஊர்வதுபோலிருக்கின்றது என்பார். வைத்தியரிடம் கூறலாமே என்றால், “உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார் அவர், அவரிடம் போய் அரிக்கிறது என்று சொல்வேனா, தம்பி?” என்று நகைத்துவிடுவார்.

மூன்றாம் ஆண்டில் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதால் வார்ஃபரின் கொடுக்கப்பட்டது. அதற்கு ஆறு திங்களுக்குப் பின், இடத்தொடையில் தீக்கொள்ளி வைத்தாற்போல எரிகின்றது என்றார். பார்த்தவர்க்கு ஒன்றும் புலப்படவில்லை. ஒரு மருத்துவமனையில் அவரைச் சோதித்த இளம் வைத்தியர், தோலில் யாதும் இல்லை, வெயிற்காலத்துக் கோளாறு என்று களிம்பொன்று எழுதிக் கொடுத்தார். அத்தையார் பொறுமையில் மிக்கவர்; பிள்ளைகளின் ஆரவாரத்தினிடையே குரல் உயர்த்தாது பாடம் சொல்லிப் பழகியவர். அவர் ஆடை தொடையிற் படுதலையும் பொறாது, இரவெல்லாம் சுவரைப் பற்றி நின்றுகொண்டிருந்ததை யாம் கண்டபோது, இது வெயிலின் செயலன்று என்று எமக்குத் தோன்றிற்று.

அடுத்த சுத்திகரிப்பு நாளில், அப்பகுதியில் நெடுநாள் பணிபுரிந்த மூத்த செவிலி ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் பொறியை இணைக்குமுன் திரையை இழுத்து மறைத்து, “அம்மா, எந்த இடம் என்று நீங்களே விரலை வைத்துக் காட்டுங்கள்,” என்றார். காட்டிய இடத்தைத் தொட்டார், சுற்றிலும் தொட்டார், வலத்தொடையையும் தொட்டு ஒப்புநோக்கினார். விளக்கைச் சாய்த்துப் பிடித்து நோக்கியபோது, நூலினும் மெல்லிய ஊதாநிற வலையொன்று தோலின்மீது தெரிந்தது. “கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் வலி இல்லை என்று ஆகிவிடுமா? நீங்கள் சொன்னது சரிதான், அம்மா,” என்று கூறி, அப்பொழுதே சிறுநீரக வைத்தியரை அழைத்துவர ஆளனுப்பினார். அத்தையார் அன்று கண்ணீர் உகுத்தார். வலியால் அன்று, தம் சொல் நம்பப்பட்டமையால்.

அதன்பின் பல ஒருங்கே நிகழ்ந்தன. வார்ஃபரினுக்கு மாற்றாக வேறு மருந்து கொடுக்கப்பட்டது. பாஸ்பேட்டைக் கட்டுதற்பொருட்டு உணவோடு உட்கொண்டுவந்த கால்சிய மாத்திரை நிறுத்தப்பட்டு, கால்சியம் இல்லாத செவெலமர் என்பது தரப்பட்டது. வைட்டமின் டி விலக்கப்பட்டது. தொடையில் இட்டுவந்த இன்சுலின் ஊசி வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. ஏனெனில் சிறு காயமும் இந்நோயைக் கிளறவல்லது. தோலை வெட்டியெடுத்துச் சோதித்தாலும் அப்புண் ஆறாது போகக்கூடும் என்று கருதி, வைத்தியர் அதனைத் தவிர்த்தார். சுத்திகரிப்பு வாரம் மும்முறை ஆயிற்று. அதன் கடைசி மணிநேரத்தில் ஒரு மருந்து நரம்பின்வழிச் செலுத்தப்பட்டது. அதன் பெயரைக் கேட்ட யாம் திகைத்தோம். சோடியம் தயோசல்பேட் என்றார் வைத்தியர்.

மாணவ அன்பர்களே! அது நம் ஹைப்போ அன்றோ! நம் இரசாயனச் சாலையில் அயோடின் கரைசலின் நீலத்தை ஒரு துளியில் மறைத்துக் காட்ட நீங்கள் அளந்து ஊற்றும் அப்பொருளே அது. அது வெள்ளியின் உப்புக்களைக் கரைக்கவல்லது என்பதை 1819-இல் ஜான் ஹெர்ஷல் கண்டார். பின்னர்ப் புகைப்படக்காரர் தம் இருட்டறையிற் படத்தை நிலைபெறுத்த அதனையே கையாண்டனர். சயனைடு நஞ்சிற்கும் அது மாற்றுமருந்து. கால்சிபிலாக்ஸிஸ் நோய்க்கு அது பயன்பட்டதென முதலில் அறிவிக்கப்பட்டது 2004-இல். கால்சியத்தை எளிதிற் கரையும் உப்பாக மாற்றுதலாலோ, குழாயின் உட்புறத்தைப் புண்படுத்தும் பொருள்களை அடக்குதலாலோ அது தொழிற்படக்கூடும் என்பர். தூய்மை செய்து மருந்தாக ஆக்கிய கரைசலை வைத்தியர் மேற்பார்வையிற் செலுத்துதலே முறை. சாலைக் குப்பியிலுள்ளது மருந்தாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

புண் தோன்றவே செய்தது. ஆயின் உள்ளங்கை அளவோடு நின்றது. எட்டுத் திங்களிற் சிறிது சிறிதாக ஆறிற்று. அம்மருந்தின் குமட்டலையும் நாற்றத்தையும் அத்தையார் பொறுத்துக்கொண்டார். இதைக்கொண்டு ஹைப்போவே அவரைக் காத்தது என்று கூறுதற்கு யாம் துணியோம். பலவற்றை ஒருங்கே மாற்றிய சோதனையில் எது பயன் தந்தது என்று தெளிதல் இயலாது என மாணவருக்கு நாள்தோறும் கூறிவரும் யாம், எம் இல்லத்து நிகழ்ச்சிக்கு மட்டும் வேறு நியாயம் கற்பித்தல் ஒவ்வாது. அம்மருந்தின் ஆற்றலை உறுதியாய் நாட்டும் பெருஞ்சோதனை இன்னும் நிறைவேறவில்லை. ஆராய்ச்சிகளும் ஒருமித்துக் கூறவில்லை. யாம் உறுதியாய்க் கூறத்தக்கது ஒன்றே: வலி முந்தி வந்தது, புண் பிந்தி வந்தது, அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சில நாட்களில் ஒருவர் நம்பினார், தொட்டுப் பார்த்தார். அத்தையார் மேலும் ஈராண்டு வாழ்ந்தார். எம் இளைய மகளுக்கு வாய்பாடு கற்பித்தார். ஒருநாள் விடியலில் உறக்கத்திலேயே அவரது இருதயம் நின்றது. தோல் ஆறிற்று, தமனிகளிற் பற்றிய சுண்ணம் மீளவில்லை.

மீளாத ஒன்றை வாராமற் காத்தலே அறிவுடைமை. நீரிழிவுடையோர் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கிவைப்பதோடு, ஆண்டுக்கொருமுறை சிறுநீரிற் புரதம் உளதா எனச் சோதித்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர் பாஸ்பேட்டைக் கருத்தில் வைத்தல் வேண்டும். பால், தயிர், இறைச்சி, மீன் முதலியவற்றில் அது மிகுதி. பயறுகளில் உள்ளது குடலில் முற்றும் ஏறுவதில்லை. கோலா முதலிய கரிய பானங்களிலும் பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டங்களிலும் சேர்க்கப்படுவதோ பெரும்பாலும் முழுதும் இரத்தத்தில் ஏறுவது. நான்கு மணிநேரச் சுத்திகரிப்பு ஒன்று நீக்கவல்லது ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பேட்டே. அதனை ஒருநாள் தவறவிடுதலின் கேடு இதனால் விளங்கும். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரையை உணவோடு உண்டாலன்றிப் பயனில்லை. எலும்பிற்கு நல்லது என்று பிறர் கூறக்கேட்டுக் கால்சிய மாத்திரையும் வைட்டமின் டி-யும் தாமே வாங்கி உட்கொள்ளல் ஆகாது. வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பும் சுண்ணமே. அவ்வழக்கமுடையோர் அதனையும் வைத்தியரிடம் கூறுக. வார்ஃபரினையேனும் பிற மருந்தையேனும் அஞ்சித் தாமே நிறுத்திவிடுதல் அதனினும் பெருங்கேடு.

தோலைப் பேணுதல் எளிது. கொதிக்கும் நீரிலும் காரமான சோப்பிலும் குளியாமை, குளித்தவுடன் ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெய்ப்பசையுள்ள களிம்பைத் தடவுதல், நகத்தைக் குறுக வெட்டுதல், வெறுங்காலுடன் நடவாமை, இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தேனும் பார்த்தல் ஆகிய இவற்றிற்குப் பொருட்செலவு சிறிது, கருத்தே வேண்டுவது. பார்வை மங்கிய முதியோர்க்கு வீட்டிலுள்ள இளைஞரே அக்கண்ணாடி ஆகலாம்.

இக்கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் சிலர் மருத்துவமும் செவிலித் தொழிலும் பயிலச் செல்கின்றனர். அவர்கட்கு யாம் கூறுவது இது: நீங்கள் கற்கப்போகும் கருவிகள் பல, அவை வியத்தற்குரியன. அவற்றைக் கற்குங்கால், நோயாளியின் சொல்லைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கும் பழைய கலையைக் கைவிடாதீர்கள். புண் கண்ட பின் நோயை அறிதல் எவர்க்கும் இயலும். வலி என்ற சொல்லிலேயே நோயை அறிபவர் சிலரே. அச்சிலருள் நீங்களும் ஆகுக. பிற துறைகளிற் செல்வோர் பலர். அவருடைய இல்லங்களிலும் வாரம் இருமுறையோ மும்முறையோ பொறியின் அருகே படுத்து மீளும் ஒருவர் இருக்கக்கூடும். உண்டீரா, உறங்கினீரா என்று கேட்பதோடு, அரிக்கின்றதா, எங்கேனும் எரிகின்றதா என்றும் கேளுங்கள். நாணத்தால் அவர் இல்லையென்றாலும் மீண்டும் கேளுங்கள். வாய் பொறுமையால் மறைப்பதையும் மெய் மறையாது உரைக்கும். அதனைக் கேட்டற்கு ஒருவர் வேண்டும்.